எல்லாருடைய அக்கா

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவருக்கு நாவல் எழுத நேரம் ஏது என்று கேட்கிறவர்கள், மத்தியானத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் ஒரு கூட்டம் வரும், ஆபீஸ் விட்டதும் ஒரு கூட்டம் வரும், நடுவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். இவர் ஈ ஓட்டுவதற்குப் பதிலாக நாவல் எழுதினார். கடையின் பின்கட்டில், லென்ஸ் உரசும் மெஷினுக்கும் ஃப்ரேமைச் சூடுகாட்டும் பெட்டிக்கும் நடுவே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் அட்டை வைத்து எழுதினார். மெஷினிலிருந்து தெறிக்கிற வெள்ளைத் தண்ணீர் பட்டுக் காய்ந்து, பாதிப் பக்கங்கள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தன.

தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். தொழிலில் கெட்டிக்காரர். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் காது மேலே, எந்தக் காது கீழே என்று சொல்லிவிடுவார். எல்லோருக்கும் ஒரு காது கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தலையைச் சாய்த்து நேராக்கிக்கொண்டு, இப்போது பாருங்கள் என்பார்கள். இவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியின் காதில் மாட்டுகிற காலை ஒரு நெல்லளவு வளைத்துக் கொடுப்பார். மனிதர்களை உற்றுப் பார்ப்பதே தன் பிழைப்பு, ஆகவே தனக்கு நாவல் எழுதத் தகுதி உண்டு என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. அந்தத் தகுதிகூட இல்லாமல் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள்.

எழுதியது சொந்தக் குடும்பத்தின் கதை. வாயைத் திறக்காத அப்பா, கோபக்கார அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய்த் திரும்பி வராத தம்பி, கதையைச் சொல்கிற நடுப்பிள்ளை, இத்தனை பேரையும் கட்டி மேய்த்த அக்கா. பெயர்களில்தான் அவருக்குப் பிடிவாதம். வாய்க்கு வந்த பெயரை வைத்துவிட்டுப் போகக்கூடாது, பெயரைக் கேட்டாலே ஆளின் சுபாவமும் விதியும் தெரிய வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார். குழந்தைகளுக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கென்று அச்சடித்து விற்கிற புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, ஒரு லென்ஸுக்கும் அடுத்த லென்ஸுக்கும் நடுவில் புரட்டிக்கொண்டிருந்தார். கடை முதலாளி அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டார். இவர் மகன் அப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான். இவருக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

நாவலில் அப்பாவுக்கு ஆழியன் என்று பெயர். கடல் மாதிரி ஆழமானவர். அம்மாவுக்குத் தழலி, நெருப்பு. ஓடிப்போன தம்பி முகிலன். மேகம் ஓரிடத்தில் நிற்குமா? மனைவிக்குச் சாரல் என்று வைத்தார். இத்தனை வருஷமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு வெறும் சாரலாகத்தான் தெரிகிறதா என்று கேட்டாள் அவள். தனக்கு மட்டும் சுடரோன் என்று வைத்துக்கொண்டார். தன்னை எரித்துப் பிறருக்கு வெளிச்சம் தருகிறவனாம். வீட்டில் பல்பு போனால் ஸ்டூல் மேல் ஏறி மாட்டுகிறவள் மனைவிதான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாடகை வாங்க வருகிறவருக்கு இரும்பன். அவர் இழுத்துக்கொண்டு வருகிற நாய்க்குக் காலன். அப்பா சாகிற அத்தியாயத்தில் அது வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தை எழுதி முடித்த அன்று கண்ணாடிக்காரர் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து நோயாளிகளை மைக்கில் கூப்பிடுவது அவள் வேலை. டோக்கன் மெஷின் வந்து, சுவரில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்த பிறகும் அவள் எண்ணைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். மேலதிகாரி வந்து விசாரித்தபோது, உடம்பு சரியில்லாமல் வந்து உட்கார்ந்திருப்பது மனுஷனா, ஸ்டாண்டில் விட்ட சைக்கிளா என்று திருப்பிக் கேட்டாளாம். பதியும்போதே இந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்வாள். அவள் குரலில் தன் பெயரைக் கேட்டால், சுருண்டு கிடக்கிற ஆளும் நிமிர்ந்து உட்கார்வான். மற்றபடி ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை. பஸ்ஸில் முன் சீட்டுக்குச் சண்டை போடுவாள். வீட்டில் தனியாக இருப்பதால், வலது கையை ஒரு கட்சியாகவும் இடது கையை ஒரு கட்சியாகவும் வைத்துக் கேரம் விளையாடுவாள். அதிலும் இடது கைக்காகக் கள்ளாட்டம் ஆடுவாள்.

நாவல் அச்சாகி வந்ததும் முதல் பிரதி அக்காவுக்குத்தான் போனது. ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தாள். அப்பாவுக்குக் காது மந்தம், அதைப் போய் ஆழம் என்று எழுதி வைத்திருக்கிறாயே என்று சிரித்தாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய் என்றாள். பிறகு தன் கண்ணாடி மூக்கில் நழுவுகிறது, கொஞ்சம் இறுக்கிக் கொடு என்றாள். இவர் இறுக்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு.

நூலகத்தின் மாடி அறையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று ஓடுகிற மின்விசிறி, மேஜை மேல் தண்ணீர் டம்ளர். கல்லூரிப் பேராசிரியை ஒருவர் இந்த நாவலை எடுத்துக்கொண்டு, சமகாலக் குடும்ப நாவலில் பாத்திரப் பெயர்கள் எப்படிக் குறியீடாக நிற்கின்றன என்று பேசினார். கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தான் மறைத்து வைத்ததையெல்லாம் ஒருவர் தேடி எடுத்து வெளியே வைக்கிறார் என்றால் எந்த எழுத்தாளருக்குத்தான் புரியும்? ஆழியன் பேசாமலிருப்பது, பேசினால் கரை தாங்காது என்பதால்தான் என்றார் பேராசிரியை. முன்வரிசையில் இருந்த அக்கா, பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரின் மனைவியிடம் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

கடைசியாகப் பேராசிரியை குரலைத் தாழ்த்தினார். இத்தனை பெயர்களுக்கு நடுவே ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் ஆசிரியர் பெயர் வைக்கவில்லை என்றார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவள் வெறும் அக்கா. அப்பா பெரியவளே என்கிறார், அக்கம்பக்கத்தார் அந்தப் பொண்ணு என்கிறார்கள். மற்ற பெயர்களெல்லாம் சொல்லாததை இந்தப் பெயரின்மை சொல்கிறது, இந்த நாவலின் பெரிய சாதனையே இதுதான் என்றார்.

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. இருக்கவே இருக்காது என்று மனதுக்குள் அத்தியாயம் அத்தியாயமாகப் புரட்டிப் பார்த்தார். அடுப்படியில் அக்கா, பள்ளிக்கூடத்து வாசலில் அக்கா, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அக்கா. எல்லா இடத்திலும் அக்கா இருந்தாள், பெயர் எங்கேயும் இல்லை. பெயர்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்ட அத்தனை மத்தியானங்களிலும், அக்காவுக்கு ஒன்று தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“இது நீங்க யோசிச்சுச் செஞ்சதுதானே?” என்று கேட்டார் பேராசிரியை.

கண்ணாடிக்காரர் டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

“ஆமாங்க. பேர் வெச்சா அவ ஒருத்தி ஆயிடுவா. வெக்காம விட்டா, அவ எல்லாருடைய அக்கா.”

அது எங்கிருந்து வந்ததோ, அவருக்கே தெரியாது. கைதட்டலில் அறை அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா இவரை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் அவளும் கைதட்டினாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி, பாராட்டே வயிற்றை நிரப்பிவிட்டது போல என்று கேலி செய்தாள். மேடையில் ஒரு பொய் சொன்னோம், எழுத்தாளன் சொல்லாத பொய்யா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். பொய் அவரை அவ்வளவாக அறுக்கவில்லை. அந்தப் பொய்க்கு அக்கா கைதட்டியதுதான் அறுத்தது. ஊரார் பெயரையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் கூப்பிடுகிறவள், தன்னை ஒரு பெயர்கூட இல்லாமல் புத்தகத்தில் உட்கார வைத்த தம்பிக்குக் கைதட்டிக்கொண்டு இருந்தாள்.

நினைத்துப் பார்த்தால் இது புத்தகத்தில் மட்டும் நடந்ததா? கடையில் லென்ஸுக்கு ஆர்டர் கொடுக்கும்போது கவரின் மேல் வாடிக்கையாளர் பெயரை எழுத வேண்டும். அக்காவின் கண்ணாடிக்கு இவர் எப்போதும் அக்கா என்றுதான் எழுதுவார். யாருடைய அக்கா, என் அக்காவும் இங்கேதான் கண்ணாடி போடுகிறாள் என்று முதலாளி ஒருமுறை சத்தம் போட்டதும் உண்டு. அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, அக்காவின் நிஜப் பெயரை மெல்ல வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். யாரோ முன்பின் தெரியாத பெண்மணியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பெயரைத் தான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை என்பது அவருக்கு உறைத்தது.

இந்த அழகில், ஒரு டாக்டரின் ரிப்பேரான கண்ணாடியைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. மருந்து வாங்குகிற ஜன்னலைத் தாண்டும்போது உள்ளே இருந்தவர் இவரை நிறுத்தினார். கதை எழுதின தம்பி நீங்கள்தானே என்று கேட்டார். சக்கர நாற்காலி தள்ளுகிறவரும் வந்து சேர்ந்துகொண்டார். உங்கள் அக்காவை இப்போது நாங்கள் எல்லாருடைய அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம் என்றார். அதோடு விட்டாரா? அதன் அர்த்தத்தையும் இவருக்கே விளக்கினார்.

“பேர் வெச்சா ஒருத்தியாப் போயிடுவாங்களாம். அதனால வேணும்னேதான் வெக்கலயாம். எங்க வார்டு பூரா இதுதான் பேச்சு. அக்காவே சொன்னாங்க.”

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அக்கா யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் சேர்த்து, ஒரு பாட்டியை நிதானமாகக் கூப்பிட்டாள். தடுப்பின் மேல் யாரோ ஒரு தாளில் பூ வரைந்து, எல்லாருடைய அக்கா என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் அக்கா அந்தத் தாளை விரலால் தட்டிக் காட்டிச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தடுப்புக்குப் பின்னால் இருப்பது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள், அதுவும் இவர் சொன்ன பொய்யால். டாக்டரிடம் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, திருடன் மாதிரிப் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்.

அந்த வாரமே பதிப்பாளர் போன் செய்தார். பேராசிரியை புண்ணியத்தில் நாவல் கல்லூரியில் பாடமாகிறது, இரண்டாம் பதிப்பு போடப் போகிறோம், திருத்தம் ஏதாவது இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். கண்ணாடிக்காரருக்கு மூச்சு வந்தது. ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும். அச்சில் ஏறிவிட்டால் அது அங்கேயே இருக்கும். மேடையில் சொன்னதற்கு என்ன பதில் என்று யாராவது கேட்டால், மனம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுபடியும் பெயர்ப் புத்தகம் வெளியே வந்தது. முதலாளி பார்த்துவிட்டு இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, தலையில் மட்டும் அடித்துக்கொண்டார். பொறை என்று பார்த்தார், பொறுமை. நிழலி என்று பார்த்தார். தாங்கி, வேர், நிலம் என்றெல்லாம் போனது. எதை எடுத்தாலும் சுமக்கிறது, தாங்குகிறது, கொடுக்கிறது. எல்லாம் அக்கா இவர்களுக்குச் செய்தது. அக்கா யார் என்று ஒரு பெயரும் சொல்லவில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தார். பஸ்ஸில் முன் சீட்டு பிடிக்கும், கேரமில் கள்ளாட்டம் பிடிக்கும். அதற்கு மேல் ஓடவில்லை. அவள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயமாக இருக்கலாம். அடுத்தவன் காது எத்தனை நெல்லளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, தன்னைத் தூக்கி வளர்த்தவளைப் பற்றிச் சொல்ல இரண்டு வரிக்கு மேல் இல்லை. வெட்கமாக இருந்தது. அன்று ஒரு வாடிக்கையாளருக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டார். அவர் படிக்கட்டில் தடுமாறி, திரும்பி வந்து சண்டை போட்டார். உங்களுக்கே ஒரு கண்ணாடி போட வேண்டும் போலிருக்கிறது என்றார் முதலாளி.

விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். கூடத்தில் கேரம் பலகை போட்டிருந்தது. பவுடரைத் தூவிக்கொண்டே அக்கா உட்கார் என்றாள். இடது கை ஜெயித்துக்கொண்டிருந்தது போல, முகத்தில் திருப்தி. இவர் எதிரில் உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“அக்கா, அந்தப் பேர் விஷயம். நான் வேணும்னு பண்ணல. உனக்குப் பேர் வெக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. மறந்துட்டேன்னுகூடச் சொல்ல முடியாது. மறக்கணும்னா மொதல்ல ஞாபகம் வந்திருக்கணும்.”

அக்கா குறி பார்த்து ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். கறுப்புக் காய் ஒன்று குழியில் விழுந்தது.

“தெரியும்” என்றாள்.

“எப்ப தெரியும்?”

“படிச்ச அன்னிக்கே. வாடகை வாங்க வர்றவனோட நாய்க்குப் பேர் வெச்சிருக்கியேடா. வேணும்னு விடறது எது, விட்டுப்போனது எதுன்னு எனக்குத் தெரியாதா? காலம் பூரா நான் பாக்கற வேலையே பேர் கூப்பிடறதுதானே.”

கண்ணாடிக்காரரால் தலையைத் தூக்க முடியவில்லை. அப்படியானால் ஆஸ்பத்திரி முழுக்க ஏன் அப்படிச் சொல்லி வைத்தாய் என்று கேட்டார்.

“நீதான் மேடையில டம்ளர் தண்ணிய அப்படியே காலி பண்ணினியே. சின்ன வயசுல அப்பாவோட கண்ணாடிய மிதிச்சு உடைச்சுட்டு, பூனை தள்ளிடுச்சுன்னு சொன்னப்பவும் இப்படித்தான் குடிச்சே. நம்ம வீட்டுல பூனை ஏது? ஆனாலும் நான் பாத்தேன்னு சொன்னேன். சொன்னேனா இல்லியா?”

சொன்னாள். இவருக்கு நினைவிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது, சுவர் ஏறி ஓடிவிட்டது என்றுகூடச் சொன்னாள். அப்பா நம்பினாரோ இல்லையோ, இவர் அடி வாங்கவில்லை. அந்த அத்தியாயம் நாவலில் இல்லை. சுடரோனுக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டார்.

இரண்டாம் பதிப்பு வருகிறது, இன்னும் கெட்டுப்போகவில்லை, பெயர் வைத்துவிடலாம் என்றார். நான் எத்தனையோ தேடிப் பார்த்துவிட்டேன், நீயே ஒன்று சொல் என்றார். அக்கா ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தாள்.

“வேணாம். அந்தப் பொண்ணு எதுக்கெடுத்தாலும் அழறா. அடுப்பு முன்னாடி அழறா, ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு அழறா. யாரோ பாவம்னு நெனச்சுக்கிட்டுத்தான் படிச்சேன். அவளுக்குப் பேர் வெக்காததனால நான் தப்பிச்சேன்.”

“நீ அழுததே இல்லியா, அக்கா?”

“நீ பாத்தியா?”

இவர் பலகையில் கிடந்த ஒரு காயை விரலால் நகர்த்தினார்.

“பாக்கலல்ல. பாக்காமத்தானே எழுதினே.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அழுதாளா, அழவில்லையா என்றும் அவள் சொல்லவில்லை. இனிக் கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அக்கா எழுந்து போய் இரண்டு கப்பில் டீ கொண்டு வந்தாள். ஊதிக் குடித்தாள். பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“மேடையில சொன்னத மட்டும் மாத்திடாத. நான் ரிட்டயர் ஆகற வரைக்குமாவது இருக்கட்டும். இத்தன நாளா நான் எல்லாரையும் கூப்பிட்டேன். இப்பத்தான் என்னக் கூப்பிடறாங்க. யாராச்சும் நம்மளப் பத்திக் கேட்டா நல்லாத்தான்டா இருக்கு.”

குற்றத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், அதைத் திரும்பவும் தலையில் தூக்கிக்கொண்டு போனார். மன்னித்துவிட்டாள் என்றால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். திட்டி அனுப்பியிருந்தாலும் தூங்கலாம். அக்கா இரண்டையும் செய்யாமல், பொய்யைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பதிப்பாளருக்குப் போன் செய்து, திருத்தம் ஒன்றும் இல்லை என்றார். சமர்ப்பணப் பக்கத்திலாவது அக்கா பெயரைப் போடலாமா என்று ஒரு யோசனை வந்தது. போட்டால், அழுதுகொண்டே இருக்கிற அந்தப் பெண் இவள்தான் என்று அச்சிலேயே உறுதியாகிவிடும். அதையும் விட்டுவிட்டார். இரண்டாம் பதிப்பில் நாய்க்குப் பெயர் இருந்தது, அக்காவுக்கு இல்லை.

கல்லூரியில் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள். பெரிய அரங்கம், மாணவர்கள் திமுதிமுவென்று வந்து உட்கார்ந்தார்கள். நான் வராமலா என்று அக்காவும் கிளம்பி வந்துவிட்டாள். இஸ்திரி போட்ட புடவை, முன்வரிசையில் நடு நாற்காலி. எந்தக் கேள்வி வரப்போகிறது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். கேட்காமல் விட்டுவிட மாட்டார்களா என்று கடைசி வரைக்கும் ஒரு நப்பாசை இருந்தது. ஆழியனைப் பற்றிக் கேட்டார்கள், காலனைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு நடுவில் ஒரு பெண் எழுந்தாள்.

“சார், அந்த அக்காவுக்கு மட்டும் ஏன் பேர் இல்ல?”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு வேகம் நெஞ்சு வரைக்கும் வந்தது. சொன்னால் இவருக்குப் பாரம் இறங்கும், ஆஸ்பத்திரித் தடுப்பில் ஒட்டின தாள் கிழியும். கை தானாக டம்ளர் பக்கம் போனது. முன்வரிசையில் அக்கா இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பார்த்தாள், மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

கண்ணாடிக்காரர் கையை எடுத்துக்கொண்டார். வறண்ட தொண்டையோடு, ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே சொன்னார். பெயர் வைத்தால் அவள் ஒருத்தி ஆகிவிடுவாள், வைக்காவிட்டால் எல்லாருடைய அக்கா. கடைசிச் சொல் வெளியே வருவதற்குள் குரல் கம்மிவிட்டது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். அரங்கத்தில் முதலில் கைதட்டியது அக்காதான்.

திரும்பும்போது பஸ்ஸில் முன் சீட்டை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே உட்காரப் போன ஒருவரோடு வாய்ச்சண்டை போட்டு இடம் பிடித்து, இவரையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். கொஞ்ச தூரம் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி மறுபடியும் மூக்கில் நழுவியிருந்தது. இவர் எட்டிச் சரிசெய்யப் போய், அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் கையை மடக்கிக்கொண்டார்.

“இன்னிக்கு நல்லாச் சொன்னே” என்றாள் அக்கா. “ஒருத்தருக்கும் சந்தேகம் வரல.”

பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகித் திறந்து, இவர் கையில் கொடுத்தாள்.

“இப்ப குடி.”

அவர் வாங்கிக் குடித்தார்.